ரன் பட்டனை அழுத்தும் முன்: க்வெரி எடிட்டருக்கு நல்ல யோசனை சொல்வது எப்படி?

டேட்டாபேஸோடு பழகுகிற எல்லோருக்கும் தெரிந்த திரைதான் அது. மேலே டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் எழுத ஒரு பெட்டி, இடது ஓரத்தில் டேபிள்களின் பட்டியல், கீழே விடை வந்து நிற்கும் கட்டங்கள், அப்புறம் ஒரு ரன் பட்டன். பிஜிஅட்மின், டிபீவர், மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்ச், மைக்ரோசாஃப்டின் எஸ்எஸ்எம்எஸ், பிஎச்பிமைஅட்மின் என்று பெயர் எதுவானாலும் க்வெரி எடிட்டர் என்றால் இதுதான். இவற்றைப் பயன்படுத்துகிறவர்களிடம் குறை என்னவென்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார்கள். ஆனால் அந்தக் குறையை, டூலை உருவாக்குகிறவர்கள் எடுத்து வேலை செய்யக்கூடிய ஒரு யோசனையாக எழுதித் தருகிறவர்கள் ரொம்பக் குறைவு. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். புரோகிராமராக இருக்க வேண்டியதில்லை, செலக்ட், அப்டேட், டெலீட் என்றால் என்னவென்று தெரிந்தால் போதும்.

யூசபிலிட்டி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அழகு. ஐகான் பழசாக இருக்கிறது, டார்க் மோட் இல்லை, எழுத்து சின்னதாக இருக்கிறது என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஐஎஸ்ஓ 9241-11 என்ற தரநிலை சொல்வது வேறு: குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட ஒரு வேலையை எவ்வளவு சரியாக, எவ்வளவு குறைந்த சிரமத்தில், எவ்வளவு திருப்தியாக முடிக்க முடிகிறது என்பதுதான் யூசபிலிட்டி. ஆகவே யார், என்ன வேலை என்ற இரண்டும் சொல்லப்படாத யோசனை பாதி யோசனைதான். பத்து வருடம் டேட்டாபேஸ் நிர்வாகம் செய்தவருக்கு வசதியாக இருக்கும் ஒன்று, மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட் எடுக்க மட்டும் உள்ளே வரும் அக்கவுண்ட்ஸ் ஊழியரைக் குழப்பிவிடலாம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? எனக்கு உதவுகிற அளவுகோல் ஒன்றுதான். ரன் பட்டன் மேல் விரல் போனபின் ஒரு நொடி தயங்குகிறீர்களா? அந்தத் தயக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எது ஓடப்போகிறது, எந்த டேட்டாபேஸில் ஓடப்போகிறது, எத்தனை ரெக்கார்டைத் தொடப்போகிறது, தப்பாகிப் போனால் திரும்ப எடுக்க முடியுமா. இவற்றில் ஏதோ ஒன்றுக்குத் திரையில் பதில் இல்லை, அதனால்தான் மனசு நிற்கிறது. அந்தப் பதிலைத் திரைக்குக் கொண்டுவரும் ஒரு சின்ன யோசனை, புதிதாக இருபது மெனு சேர்க்கச் சொல்வதைவிடப் பயனுள்ளது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் எது ஓடும் என்பதையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். எஸ்எஸ்எம்எஸ்ஸில் எதையும் தேர்வு செய்யாமல் எஃப்5 அழுத்தினால் அந்த எடிட்டர் பக்கத்தில் இருக்கும் அத்தனையும் ஓடும். கொஞ்சம் பகுதியைத் தேர்வு செய்திருந்தால் அந்தப் பகுதி மட்டும் ஓடும். டிபீவரில் கண்ட்ரோல்-என்டர் அழுத்தினால் கர்சர் நிற்கும் ஸ்டேட்மென்ட், அதாவது அந்த ஒரு கட்டளை மட்டும் ஓடும், முழு ஸ்க்ரிப்டும் ஓட வேண்டுமென்றால் ஆல்ட்-எக்ஸ். இரண்டுமே நியாயமான வடிவமைப்புதான். ஆனால் ஒன்றில் பழகிவிட்டு இன்னொன்றுக்கு மாறுகிறவருக்கு விரல் ஒன்று சொல்லும், டூல் வேறொன்று செய்யும்.

இதில் என்ன ஆபத்து என்று கேட்டால், ஒரு கல்லூரி அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் "அப்டேட் மாணவர் செட் கட்டணம் = 0" என்று இருக்கிறது. அடுத்த வரியில் "வேர் எண் = 57" என்று இருக்கிறது; வேர் (where) என்பது எந்த ரெக்கார்டை மட்டும் தொட வேண்டும் என்று சொல்லும் பகுதி. முதல் வரியை மட்டும் மவுஸால் தேர்வு செய்த நிலையில் எஃப்5 அழுத்தினால், 57ஆம் எண் மாணவருக்கு மட்டும் ரத்தாக வேண்டிய கட்டணம் கல்லூரியில் படிக்கும் எல்லோருக்கும் பூஜ்யமாகிவிடும். டேட்டாபேஸ் எந்த எதிர்ப்பும் சொல்லாது, ஏனென்றால் முதல் வரி தனியாகவே இலக்கணம் சரியாக இருக்கும் ஒரு முழு க்வெரி. டிபீவரில் காலி வரியையும் ஸ்டேட்மென்ட்டின் முடிவாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு செட்டிங் உண்டு. அது போடப்பட்டிருந்து, படிக்க வசதியாக இருக்கட்டும் என்று இந்த இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு என்டர் தட்டினீர்கள் என்றால் அங்கேயும் இதே கதைதான்.

இந்த இடத்தில் என்ன யோசனை சொல்லலாம்? "ஓடுவதற்கு முன் உறுதி கேட்க வேண்டும்" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் "நிச்சயமா?" என்று கேட்கும் பெட்டிக்குக் கை சீக்கிரமே பழகிவிடும், கண் படிக்காமலேயே விரல் ஓகே அழுத்தும், ஆக அது பாதுகாப்பாக இல்லாமல் கூடுதலாக ஒரு கிளிக்காக மட்டும் மிஞ்சும். இதைவிட நல்ல வழி, ஓடப்போகும் பகுதியை அழுத்துவதற்கு முன்பே கண்ணுக்குக் காட்டிவிடுவது. பிஜிஅட்மினின் புதிய பதிப்புகளில் கர்சர் நிற்கும் க்வெரிக்கு அடியில் கோடு போட்டுக் காட்டும் வசதி வந்திருக்கிறது. பார்த்தால் சாதாரணக் கோடு. ஆனால் "எது ஓடும்" என்ற கேள்விக்கு அது நேரடியாகப் பதில் சொல்கிறது. இதே பாணியில், ஏதாவது தேர்வு செய்திருக்கும்போது பட்டனில் இருக்கும் எழுத்தே "தேர்ந்த பகுதியை ஓட்டு" என்று மாறினால் எப்படி இருக்கும்? செலவு குறைவான மாற்றம், யாருடைய பழக்கத்தையும் கெடுக்காத மாற்றம்.

அடுத்தது எங்கே ஓடும் என்பது. டெஸ்ட் டேட்டாபேஸுக்கு ஒரு டேப், உண்மையான டேட்டா இருக்கும் புரொடக்‌ஷனுக்கு ஒரு டேப் என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருக்கும், பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். எஸ்எஸ்எம்எஸ்ஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே உள்ள ஸ்டேட்டஸ் பட்டைக்கு ஒரு நிறம் கொடுக்கலாம். டிபீவரில் டெவலப்மென்ட், டெஸ்ட், புரொடக்‌ஷன் என்று இணைப்பின் வகையைச் சொல்லி அதற்கேற்ற நிறம் வைக்கலாம். வசதி இருக்கிறது, ஆனால் அதை நாமே தேடிப் போய்ப் போட வேண்டும் என்றால் புதியவர் போடமாட்டார். புதிய இணைப்பு உண்டாக்கும்போதே "இது எந்த வகை?" என்று ஒரு முறை கேட்டுவிட்டால் போதும் என்பது நல்ல யோசனை. நிறத்தை மட்டும் நம்பாமல் டேபின் தலைப்பிலேயே "புரொடக்‌ஷன்" என்று எழுத்தாகவும் காட்டச் சொல்லுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

எத்தனை ரெக்கார்டு, திரும்ப எடுக்க முடியுமா என்ற இரண்டும் சேர்ந்தே வரும். மைஎஸ்க்யூஎல்லின் கமாண்ட் லைனில் சேஃப்-அப்டேட்ஸ் என்று ஒரு ஆப்ஷன் வெகுகாலமாக இருக்கிறது. கீ இருக்கும் ஃபீல்டை வைத்து வேர் எழுதாமலும், எத்தனை ரெக்கார்டு வரை என்று லிமிட் போடாமலும் அப்டேட், டெலீட் செய்யப் பார்த்தால் மறுத்துவிடும். வொர்க்பெஞ்சில் இது டீஃபால்ட்டாகவே போடப்பட்டிருக்கும், மறுக்கும்போது 1175 என்ற எண்ணோடு எரர் வரும். நல்ல பாதுகாப்புதான். ஆனால் அந்த எரர் செய்தியைக் கடைசி வரை படித்துப் பாருங்கள்: கீ ஃபீல்டு இல்லாமல் அப்டேட் செய்யப் பார்த்தீர்கள் என்று சொல்லிவிட்டு, உடனே இந்தப் பாதுகாப்பை எந்த செட்டிங்கில் போய் நிறுத்துவது என்று வழியும் சொல்லித் தருகிறது. அவசரத்தில் இருப்பவர் என்ன செய்வார்? நிறுத்திவிடுவார். மறுபடி போடமாட்டார்.

இந்த ஒரு செய்தியை வைத்தே அருமையான யோசனை எழுதலாம். பாதுகாப்பை அணைக்கும் வழிக்குப் பதிலாக, "இந்த க்வெரி மாணவர் டேபிளில் இத்தனை ரெக்கார்டுகளை மாற்றும்" என்று எண்ணிக்கையைக் காட்டி, "இந்த ஒரு முறை மட்டும் ஓட்டு" என்று ஒரு பட்டன் வைத்தால் என்ன? வேர் பகுதியை அப்படியே எடுத்து ஒரு கவுண்ட் க்வெரி ஓட்டினால் பெரும்பாலும் எண்ணிக்கை கிடைத்துவிடும். ஒரே ஒரு மாணவரை மாற்ற நினைத்தவர் ஆயிரக்கணக்கில் ஒரு எண்ணைப் பார்த்தால் தானாகவே கையை எடுத்துவிடுவார். (பெரிய டேபிளில் அந்த கவுண்டே நேரம் பிடிக்கும், ஆகவே யோசனையில் அதையும் ஒரு வரி குறிப்பிட்டுவிடுங்கள். எதிர்ப்பை முன்கூட்டியே யோசித்த யோசனைக்குத் தனி மரியாதை உண்டு.)

ஆட்டோகமிட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டோகமிட் ஆனில் இருந்தால் ஒவ்வொரு மாற்றமும் அந்த நொடியே நிரந்தரமாகிவிடும், ரோல்பேக் செய்து திரும்ப எடுக்க முடியாது. ஆஃபில் இருந்தால் நீங்கள் கமிட் அழுத்தும் வரை மாற்றம் காத்திருக்கும், ஆனால் கமிட் செய்ய மறந்துவிட்டு டீ குடிக்கப் போனால் நீங்கள் தொட்ட ரெக்கார்டுகள் பூட்டிக்கிடக்கும், மற்றவர்களின் வேலை நிற்கும். இரண்டிலும் சிக்கல் இருப்பதால் "ஆட்டோகமிட்டை டீஃபால்ட்டாக ஆஃப் செய்யுங்கள்" என்று கேட்பதில் பயனில்லை. இப்போது எந்த நிலையில் இருக்கிறோம், கமிட் ஆகாமல் எத்தனை மாற்றம் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்பதை ரன் பட்டனுக்குப் பக்கத்திலேயே காட்டச் சொல்வதுதான் பயன் தரும்.

இனி ஆட்டோகம்ப்ளீட், அதாவது நாம் அடிக்க ஆரம்பித்ததும் மீதிப் பெயரை எடிட்டரே சொல்லித்தரும் வசதி. இதைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை "சரியாக வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடும். ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு, தெரிந்துகொண்டால் யோசனையின் தரமே மாறிவிடும். 1974இல் ஐபிஎம்மில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் சீக்வெல் என்ற மொழியை வெளியிட்டார்கள், அதுதான் பின்னால் எஸ்க்யூஎல் ஆனது. ஆங்கில வாக்கியம் போல வாசிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் முதலில் செலக்ட் என்று எந்த ஃபீல்டுகள் வேண்டும் என்பதும், பிறகு ஃப்ரம் என்று எந்த டேபிளிலிருந்து என்பதும் வருகிற வரிசையை வைத்தார்கள். அதனால் நீங்கள் செலக்ட் என்று அடித்து ஃபீல்டின் பெயரை ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில், எந்த டேபிள் என்பது டூலுக்கு இன்னும் தெரியாது. அது பாவம் எதைத்தான் காட்டும்? ஒன்றுமே காட்டாமல் இருக்கும், அல்லது டேட்டாபேஸில் இருக்கும் அத்தனை பெயர்களையும் கொட்டும்.

மைக்ரோசாஃப்ட் 2007இல் சி ஷார்ப் மொழியில் லிங்க் என்ற க்வெரி வசதியைக் கொண்டுவந்தபோது ஃப்ரமை முதலில் வைத்ததற்கு இதுதான் முக்கியக் காரணம்: டேபிள் முதலில் தெரிந்துவிட்டால் அடுத்து வரும் ஃபீல்டுகளை எடிட்டரால் சரியாகச் சொல்லித்தர முடியும். டக்டிபி என்ற டேட்டாபேஸ் எஸ்க்யூஎல்லிலேயே ஃப்ரமை முதலில் எழுத அனுமதிக்கிறது. உங்கள் டேட்டாபேஸின் மொழியை ஒரு எடிட்டரால் மாற்ற முடியாது, ஆனால் எடிட்டர் இதைச் சுற்றி வரலாம். செலக்ட் என்று அடித்ததும் தானாகவே அடுத்த வரியில் ஃப்ரம் போட்டு, கர்சரை முதலில் டேபிள் பெயருக்குக் கொண்டுபோய், டேபிளைத் தேர்ந்ததும் ஃபீல்டு பட்டியலுக்குத் திருப்பிக் கொண்டுவரலாம். "ஆட்டோகம்ப்ளீட் மோசம்" என்று எழுதுவதற்கும் இதை எழுதுவதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

மனப்பாடத்தைக் குறைப்பது எவ்வளவு உதவும் என்பதற்கு, விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கிடேட்டாவின் க்வெரி பக்கம் நல்ல உதாரணம். அங்கே எல்லாப் பொருளுக்கும் க்யூ என்ற எழுத்தும் ஒரு எண்ணும்தான் அடையாளம், எந்த மனிதராலும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் கண்ட்ரோல்-ஸ்பேஸ் அழுத்திப் பெயரைத் தேடினால் எண்ணைத் தானே நிரப்பிக்கொள்ளும், எண் மேல் மவுஸை வைத்தால் அது எந்தப் பொருள் என்று பெயரைச் சொல்லும். இந்த இரண்டும் இல்லையென்றால் அந்தப் பக்கத்தைப் புதியவர்கள் யாருமே தொட்டிருக்கமாட்டார்கள். உங்கள் ஆபீஸ் டேபிளில் "நிலை = 3" என்று இருப்பதும் இதே பிரச்சினைதான், 3 என்றால் என்ன என்பது வேறொரு டேபிளில் இருக்கும், அதையும் மவுஸ் வைத்தால் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

எரர் செய்திகளைப் பற்றிச் சுருக்கமாக. ஆரக்கிள் டேட்டாபேஸில் 942 என்ற எரர் பிரசித்தம்: டேபிளோ வியூவோ இல்லை என்று சொல்லும், எந்த டேபிள் என்று வெகுகாலம் சொல்லாமலே இருந்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு ஃபீல்டின் பெயரைத் தப்பாக அடித்தால், ஒருவேளை நீங்கள் சொல்ல வந்தது இதுவா என்று கிட்டத்தட்ட அதே எழுத்துக்கள் உள்ள பெயரைக் குறிப்பாகத் தரும். எடிட்டர் செய்ய வேண்டியது இந்தச் செய்தியை அப்படியே கொட்டாமல், தவறு நடந்த வரிக்குக் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்துவது.

விடை வரும் கட்டங்களில் நம் ஊர்க்காரர்கள் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. டேட்டாபேஸில் இருக்கும் தமிழ்ப் பெயர்கள் எடிட்டரில் அழகாகத் தெரியும். அதையே சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த சாதாரண எழுத்து) ஃபைலாக இறக்கி விண்டோஸில் எக்ஸெல்லில் டபுள் கிளிக் செய்து திறந்தால் முருகேசனும் செல்வியும் புரியாத குறிகளாகிக் கிடப்பார்கள். டேட்டா கெட்டுப்போகவில்லை. ஃபைல், எல்லா மொழி எழுத்துக்களையும் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இருக்கிறது என்பதை எக்ஸெல்லுக்குச் சொல்லும் பிஓஎம் என்ற சின்னக் குறி ஃபைலின் தொடக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். டிபீவரின் எக்ஸ்போர்ட் அமைப்பில் இந்தக் குறியைச் சேர்க்க ஒரு டிக் பெட்டி இருக்கிறது. ஆனால் "பிஓஎம் சேர்க்கவும்" என்று படித்தால் எத்தனை பேருக்குப் புரியும்? "எக்ஸெல்லில் திறப்பதற்காக" என்று அதற்குப் பெயர் வைக்கச் சொல்வதே ஒரு முழுமையான யூசபிலிட்டி யோசனைதான், டூல் வேலை செய்யும் விதம் மாறவே வேண்டாம், பெயர் மாறினால் போதும். தமிழ், இந்தி, சிங்களம், அரபு என்று லத்தீன் அல்லாத எழுத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் இது உதவும். ஆங்கிலத்தில் மட்டும் டேட்டா வைத்திருப்பவருக்கு இந்தப் பிரச்சினை கண்ணிலேயே படாது, அதனால் இதை நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லமாட்டார்கள். ஆதார் போன்ற 12 இலக்க எண்களை எக்ஸெல் சுருக்கி, நடுவில் E என்ற ஆங்கில எழுத்தைப் போட்டுக் காட்டுவதும், போன் நம்பரின் முதல் பூஜ்யத்தை விழுங்குவதும் இதே வகை. நேரடியாக எக்ஸெல் ஃபைலாக, அந்த ஃபீல்டுகளை எழுத்தாக வைத்து எக்ஸ்போர்ட் செய்யக் கேட்கலாம்.

இன்னொன்று, டிபீவர் முதலில் 200 ரெக்கார்டுகளை மட்டும் கொண்டுவரும், வொர்க்பெஞ்ச் 1000 என்று எல்லை வைத்திருக்கும். புதியவர் கட்டத்தில் 200 இருப்பதைப் பார்த்து டேபிளிலேயே 200 தான் என்று நினைத்துக்கொண்டு ரிப்போர்ட் அனுப்பிவிடுவார். "200 காட்டப்படுகிறது, இன்னும் இருக்கிறது" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

சரி, யோசனையை எழுதுவது எப்படி? டாக்டரிடம் போய் இந்த மாத்திரை எழுதிக் கொடுங்கள் என்று கேட்காமல் எங்கே வலிக்கிறது என்று சொல்வது போல, முதலில் பிரச்சினை, அப்புறம்தான் தீர்வு. ஏனென்றால் உங்கள் தீர்வு டெவலப்பருக்குச் சரிவராமல் போகலாம், ஆனால் பிரச்சினை புரிந்துவிட்டால் அவர் வேறு வழி கண்டுபிடிப்பார். "எக்ஸ்போர்ட் சரியில்லை, சரி செய்யவும்" என்று எழுதினால் அடுத்த நாளே மூடிவிடுவார்கள். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"நான் டேட்டாபேஸ் நிபுணர் இல்லை. மாதம் ஒரு முறை மாணவர் பட்டியலை எடுத்து அலுவலகத்துக்கு எக்ஸெல்லில் அனுப்புவேன். பெயர்கள் தமிழில் இருக்கின்றன. ரிசல்ட்டில் ரைட் கிளிக் செய்து சிஎஸ்வியாக எக்ஸ்போர்ட் செய்து, விண்டோஸில் டபுள் கிளிக் செய்து எக்ஸெல்லில் திறந்தால் பெயர்கள் எல்லாம் குறிகளாகத் தெரிகின்றன. பிஓஎம் சேர்க்கும் ஆப்ஷனைப் போட்டால் சரியாகிறது, ஆனால் அந்தப் பெயரை வைத்து அது எதற்கு என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெயரை 'எக்ஸெல்லில் திறக்க' என்று மாற்றினாலோ, லத்தீன் அல்லாத எழுத்து இருக்கும்போது அதைப் பரிந்துரைத்தாலோ உதவும். இப்போதைய டீஃபால்ட்டை மாற்ற வேண்டாம், பிஓஎம் இருந்தால் சில புரோகிராம்கள் ஃபைலைத் தப்பாகப் படிக்கும்."

இதில் யார், என்ன வேலை, என்ன படிகள், என்ன நடந்தது, என்ன எதிர்பார்த்தார், எதைக் கெடுத்துவிடக் கூடாது என்று எல்லாமே இருக்கிறது. இதோடு டூலின் பதிப்பு எண்ணையும் ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்துவிடுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் உண்மையான ஆட்களின் பெயரோ போன் நம்பரோ தெரியாமல் பார்த்துக்கொள்வது ரொம்ப முக்கியம், நாலு பேரை வைத்து ஒரு பொய் டேபிள் உண்டாக்கி அதில் எடுப்பதே நல்லது. ஒரு யோசனைக்கு ஒரு பதிவு. எட்டு விஷயத்தை ஒன்றாகக் கட்டி அனுப்பினால் எட்டும் தூங்கும்.

அனுப்பும் முன் ஏற்கனவே யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். பிஜிஅட்மினுக்கும் டிபீவருக்கும் கிட்ஹப் என்ற தளத்தில் இஷ்யூ பட்டியல் (புகார்களும் யோசனைகளும் பதிவாகும் இடம்) திறந்தே இருக்கிறது, மைஎஸ்க்யூஎல்லுக்குத் தனியாக பக் தளம் இருக்கிறது. பழைய பதிவு இருந்தால் புதிதாக ஒன்று போடாமல், அதில் உங்கள் சூழலைச் சேர்த்து எழுதுங்கள். வேறு வேறு வேலை செய்கிற மூன்று பேர் ஒரே இடத்தில் ஒரே சிக்கலைச் சொன்னால் அதற்குக் கிடைக்கும் கவனமே வேறு. முடிந்தால் பக்கத்து மேஜைக்காரரை அதே வேலையைச் செய்யச் சொல்லி, வாயைத் திறக்காமல் பாருங்கள். ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்பது இந்தத் துறையில் பெயர் பெற்ற யாக்கோப் நீல்சனின் வாதம். ஐந்து கூட வேண்டாம், ஒருவர் எந்த இடத்தில் தயங்கினார் என்று நேரில் பார்த்து எழுதிய இரண்டு வரி, பக்கம் பக்கமாக எழுதிய கருத்தைவிட எடை அதிகம்.

ஷார்ட்கட்களை மாற்றச் சொல்லும்போது மட்டும் ரொம்ப யோசியுங்கள். எஃப்5 எதைச் செய்ய வேண்டும் என்பதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம், ஆனால் அந்தச் சாவியில் வருடக்கணக்காகப் பழகிய கைகள் லட்சக்கணக்கில் இருக்கும், ஒரே இரவில் அதை மாற்றினால் நீங்கள் தடுக்க நினைத்த அதே விபத்து மற்றவர்களுக்கு நடக்கும். புதிதாக ஒரு சாவி கேளுங்கள், அல்லது செட்டிங்கில் மாற்றிக்கொள்ளும் வசதி கேளுங்கள்.

பதிவு போட்டபின் "எங்களால் முடியாது" என்று பதில் வந்தால் காரணத்தைக் கேளுங்கள், பல நேரம் அந்தக் காரணத்துக்குள்ளேயே இன்னும் சின்னதான, செய்யக்கூடிய ஒரு மாற்றம் ஒளிந்திருக்கும். ஏற்றுக்கொண்டு சோதனைப் பதிப்பில் விட்டால் அதை இறக்கி, நீங்கள் முதலில் எழுதிய அதே படிகளைச் செய்து பார்த்து, சரியாக வந்ததா இல்லையா என்று அதே பதிவில் எழுதிவிடுங்கள். உங்கள் தமிழ் டேட்டாவை வைத்து அவர்களால் சோதிக்க முடியாது, உங்களால் முடியும்.